சில்வஸ்டர் அண்ணனின் மறு ஏலம்

"காசு, காசு, காசு! ஏண்டா, பந்துக்குள்ள காத்து அடைச்சிருக்கா, காசு அடைச்சிருக்கா?"

"காத்தடிக்கிற பம்பும் நான் வாங்குனதுதானுங்கண்ணா. பில்லு குடுத்தேன், இன்னும் வரல."

"பாத்தீங்களா! பம்புக்குக்கூட பில்லு குடுக்கறான்!"

கத்தியது சில்வஸ்டர் அண்ணன். பதில் சொன்னது பிராங்ளின். இடம், ஊட்டி பெர்ன்ஹில்லில் எங்கள் சர்ச் கேட்டுக்கு வெளியே. ஞாயிறு ஆராதனை முடிந்து, சமாதானத்தோடு போய் வாருங்கள் என்று ஆயர் எங்களை அனுப்பிவைத்த கையோடு இந்தச் சமாதானம். நான் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். செருப்பு வார் அறுந்தது போல இருந்தது, குனிந்து பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. இருந்தாலும் இந்த மாதிரி விஷயத்தை நன்றாகப் பார்த்துவிடுவது நல்லதுதானே.

சில்வஸ்டர் அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இத்தலாரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போடுகிறவர். எங்கள் ஊர் 'பிரதர்ஸ்' கால்பந்து அணிக்குத் தலைவர். மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றைக்கு என்ன விலை என்று காலையில் போனில் பார்த்துவிட்டுத்தான் பல்லே தேய்ப்பார். விலை சரியில்லை என்றால் கேரட்டைப் பிடுங்காமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்துக் காத்திருப்பார். அதற்குப் பெயர் வியாபாரம்.

பிராங்ளின் அந்த அணியின் பார்வர்டு. அணி என்றால் அவன்தான், மற்றவர்கள் அவனுக்குப் பந்து தட்டிவிடுகிறவர்கள். காலையில் கேரட் கழுவும் மெஷினில் வேலை. ஊட்டித் தண்ணீரில் விடியற்காலையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நம் அணிக்காக ஆடும்போதுதான் முட்டி போனது. அணி சும்மா இருந்துவிடுமா? ஒரு பொன்னாடை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் ஆப்பிள். பொன்னாடை போர்த்தும் போட்டோ சில்வஸ்டர் அண்ணன் வீட்டு ஹாலில் இன்னும் தொங்குகிறது. போட்டோவில் அண்ணன் முழுசாகத் தெரிகிறார், பிராங்ளினின் காதும் கொஞ்சம் தெரிகிறது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்ய அவன் ஸ்கூட்டரை விற்றான்.

இப்போது என்ன கேட்கிறான்? ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அடிபட்டால் வைத்தியச் செலவு அணியுடையது. அவ்வளவுதான். கூடலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஷிஜோ இதையெல்லாம் தரத் தயார் என்று ஆள் அனுப்பியிருந்தான். ஷிஜோவுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் அணி ஒன்று உண்டு. நாடுகாணி இறக்கத்துக்குக் கீழே, கேரளாவில் நிலம்பூர் பக்கமெல்லாம் செவன்ஸ் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு கூட்டம் வரும், ஆடுகிறவனுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் சம்பளம் உண்டு. நம் ஊரில் டிக்கெட் கிடையாது, ஓசியில் பார்த்துவிட்டு ஓசியிலேயே திட்டிவிட்டும் போகலாம்.

"கூடலூர்க்காரன் கூப்புட்டா ஓடிருவியா? இந்த மண்ணு உனக்கு ஒண்ணுமே பண்ணலியா?"

"ஓடறதா இருந்தா உங்ககிட்ட எதுக்குங்கண்ணா நிக்கறேன்? முதல்ல நம்மூர்ல கேட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன். டாக்டர் சொல்லிட்டாருங்க, இந்த முட்டி ரொம்ப நாளைக்கு வராதுன்னு. வர்ற வரைக்கும் ஏதாவது சேத்துக்கணும்ல."

"நான் தலைவரா இருக்கறதுக்குச் சம்பளமா வாங்கறேன்?"

"நீங்க ஓடறதில்லீங்களேண்ணா."

அணியின் செயலாளர் அருள்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பதவியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் திறமை வேண்டும்.

பிராங்ளின் விடவில்லை. "உங்க பையன் பெங்களூர்ல கம்பெனி மாறுனப்ப சர்ச்ல ஸ்தோத்திரக் காணிக்கை போட்டீங்க. ஊருக்கே கேக்கு குடுத்தீங்க. எங்கம்மாவுக்குக்கூட ஒரு துண்டு வந்துச்சு. நான் கேட்டா மட்டும் துரோகமுங்களா?"

"அவன் படிச்சவன்டா! தகுதிக்குத் தகுந்த மாதிரி கேக்கறான்!"

"அப்ப என் தகுதி என்னன்னு சொல்லுங்க."

"உனக்கெல்லாம் எவன்டா விலை வைப்பான்? விலை வைக்க நீ என்ன கேரட்டா?"

பிராங்ளின் "சரிங்கண்ணா" என்று போய்விட்டான். இந்தச் 'சரிங்கண்ணா' எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஈவ்லின் அக்காவிடமும் சொன்னேன், சில்வஸ்டர் அண்ணனின் மனைவியிடம்தான். "சரின்னு சொன்னா விட வேண்டியதுதானே" என்றாள். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் சரி என்று சொல்லியே பழகியவள், அவளுக்கு அந்த வார்த்தையில் வேறு எதுவும் கேட்காது.

அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சு. ஹோம்ஸ்டே நடத்தும் தினேஷ்குமார், "விளையாட்டுங்கறது மனசுல இருந்து வரணுங்க. காசுன்னு வந்துட்டா அதுல ஜீவன் இல்ல" என்றார். மே மாத சீசனில் அவர் அறை வாடகை எந்த உயரத்துக்குப் போகும் என்று தொட்டபெட்டா ஏறிப் பார்த்தால்கூடத் தெரியாது. மாலதி டீச்சருக்கோ பையன் கெட்டுப்போய்விட்டானே என்று தூக்கமே இல்லை. டியூஷன் பீஸை ஏற்றிய மாதத்தில் மட்டும் நன்றாகத் தூங்கினாள். பேக்கரியில், பஸ் ஸ்டாப்பில், எங்கு பார்த்தாலும் பிராங்ளினின் பேராசைதான். ஆபரேஷன் நடந்தபோது இத்தனை பேர் இந்த ஊரில் இருந்தது எனக்கு நினைவில்லை.

நான் யார் பக்கமும் இல்லை. எல்லார் வீட்டிலும் டீ குடித்தேன்.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள், அவரவர் உழைப்பில் விளைந்ததைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள், பணம் சர்ச்சுக்கு. விவசாயி முட்டைக்கோஸ் கொண்டுவருவான். கோழி வரும், கேக் வரும். விளைச்சல் இல்லாதவன் வேலையைக் கொடுப்பான். டாக்ஸி டிரைவர் கோயமுத்தூருக்கு ஒரு ட்ரிப், எலெக்ட்ரீசியன் ஒரு வீட்டுக்கு வயரிங், இப்படி.

இதில் ஒரு கவுரவம் இருக்கிறது. ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் சாதாரண மனுஷன். பணத்தையும் கட்டிவிட்டு, "மறு ஏலத்துக்கு விடுங்க" என்று பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவன்தான் பெரிய மனுஷன். அதே பூசணிக்காயை மறுபடி ஏலம் விடுவார்கள், சர்ச்சுக்கு இரண்டாவது தடவையும் பணம். திருப்பிக் கொடுத்தவர் அதற்கு மறுபடி கேட்க மாட்டார், கேட்டால் அசிங்கம். சில்வஸ்டர் அண்ணன் அறுப்பின் பண்டிகையில் எடுத்த எதையும் வீட்டுக்குக் கொண்டுபோனதே கிடையாது. வருஷா வருஷம் ஒரு நல்ல பிளம் கேக்கை எடுப்பார், கைதட்டலோடு திருப்பிக் கொடுப்பார். ஈவ்லின் அக்கா அந்தக் கேக்கின் வாசனையோடு வீட்டுக்கு வந்து ரஸ்க் சாப்பிடுவாள்.

ஏலம் விடுவது ஜூடித். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிற பெண்தான், ஆனால் கையில் மைக் கிடைத்தால் வேறு ஆள். அவள் கூப்பிட்டால் கிழங்குக்குக்கூட நாலு பேர் போட்டி போடுவார்கள்.

அன்றைக்கு எல்லாரும் மேசை மேல் காணிக்கையை வைத்துக்கொண்டிருந்தபோது பிராங்ளின் வந்தான். தோல் உரிந்த பழைய பந்து ஒன்றைப் பூசணிக்காய்க்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவில் வைத்தான். ஆயர் மனுவேல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"காணிக்கைங்கய்யா. என் உழைப்பு இதானுங்களே. இந்தப் பந்தை யார் எடுக்கறாங்களோ, இந்தக் கிறிஸ்துமஸ் கோப்பை முழுக்க அவங்க சொல்ற டீமுக்கு ஆடறேன். வர்ற பணம் அத்தனையும் சர்ச்சுக்கு. எனக்கு ஒரு பைசா வேண்டாம்."

காசுக்குப் பறக்கிறான் என்று வாரம் முழுக்கச் சொன்ன வாய்களுக்கு அவசரமாக வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. சில்வஸ்டர் அண்ணன் எழுந்து, "ஐயா, இது நல்லால்ல. ஆளை ஏலம் விடறதா?" என்றார்.

"போன வருஷம் எலெக்ட்ரீசியனை விட்டோமே" என்றார் ஆயர். சர்ச் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே நின்று பிரசங்கம் செய்கிறவர் காணிக்கையை வேண்டாம் என்று சொல்வாரா?

அருள்ராஜ் தலைவரின் காதில், "நம்ம எடுத்துடலாங்க, யாரு கேக்கப்போறா" என்றார். கேட்கிறவன் பந்தலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ, கூடலூர் ஷிஜோ. பிராங்ளின் சொல்லியனுப்பினானா, அவனாக வந்தானா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் யாருக்கும் தெரியாது.

பந்தின் முறை வந்தது.

"பாருங்க, பாருங்க! இது பந்து இல்லீங்க, பந்துக்குப் பின்னாடி ஒரு ஆளே இருக்கார்!" என்று ஆரம்பித்தாள் ஜூடித். "ஐநூறுன்னு ஆரம்பிக்கறேன்!"

"ஆயிரம்" என்றார் சில்வஸ்டர் அண்ணன், விஷயத்தை முடித்துவிட்ட குரலில்.

"அஞ்சாயிரம்" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டது.

தலைகள் எல்லாம் திரும்பின. அப்புறம் தலைகளுக்கு ஓய்வே இல்லை. முன்னால் ஒரு தொகை, பின்னால் ஒரு தொகை, டென்னிஸ் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாயிரம் தாண்டியபோது மாலதி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள், அவள் எங்கள் சபைகூட இல்லை, சும்மா பார்க்க வந்தவள். இருபதாயிரம் தாண்டியபோது தினேஷ்குமார் என் பக்கம் சாய்ந்து, "இவனுக்கு இவ்வளவா?" என்றார். ஜீவன் போய்விட்டதா என்று கேட்க நினைத்தேன், ஏலத்தின் நடுவே பேசக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

"முப்பது! கடைசில நிக்கறவரு முப்பது! தலைவர் என்ன சொல்றீங்க?"

"முப்பத்தஞ்சு!"

"நாப்பது" என்றான் ஷிஜோ, கடையில் டைல்ஸ் விலை சொல்வது மாதிரி.

சில்வஸ்டர் அண்ணனின் கழுத்து சிவந்துவிட்டது. அணியின் கோப்பை, தலைவர் பதவி, ஊர் முன்னால் மானம், எல்லாம் அந்தத் தோல் உரிந்த பந்தில் இருந்தது. எழுந்து நின்றார். கோட்டைச் சரிசெய்தார்.

"நாப்பத்தஞ்சாயிரம்!"

ஷிஜோ தலையை ஆட்டினான், போதும் என்று. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று ஜூடித் மேசையைத் தட்டினாள். பந்தல் இடிந்துவிழுவது போலக் கைதட்டல். பொடிசுகள் விசில் அடித்தன. ஆயரே கைதட்டினார், அவருக்குக் கூரை தெரிந்திருக்கும். இருபது வருஷப் பண்டிகையில் இப்படி ஒரு கைதட்டலைச் சில்வஸ்டர் அண்ணன் கேட்டதில்லை. முகம் மலர்ந்து, கையைத் தூக்கி, நாலு பக்கமும் திரும்பி வணங்கிக்கொண்டிருந்தார்.

"தலைவர் அவர்களே," என்றாள் ஜூடித் மைக்கில், "வழக்கம்போலங்களா?"

"வழக்கம்போலத்தான்! மறு ஏலத்துக்கு விடுங்க!" என்றார் சில்வஸ்டர் அண்ணன்.

சொன்ன வேகத்தில் உட்கார்ந்தும்விட்டார். கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது. அந்தக் கைதட்டலின் பாதியில் அவர் முகம் மாறியதைப் பார்க்க நான் நல்ல இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்தபடி இருந்தது. ஈவ்லின் அக்கா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, கேக்கு இல்லீங்க அது! ஆளுங்க!" என்றாள். முதல்முறையாக அவள் சரி என்று சொல்லவில்லை, ஆனால் நேரம் கடந்துவிட்டது.

அண்ணன் பாதி எழுந்தார். "ஐயா... அது வந்து... ஒரு நிமிஷம்..."

"சபைக்காக எவ்வளவு பெரிய மனசு!" என்றார் ஆயர், நிஜமாகவே கண் கலங்கி. "கொடுத்துட்டுத் திருப்பி எடுக்காத கை!" இதற்கு மேல் எந்த மனுஷன் என்ன சொல்ல முடியும்? அண்ணன் உட்கார்ந்தார்.

ஜூடித் மறுபடி ஐநூறில் ஆரம்பித்தாள். அருள்ராஜ் இரண்டாயிரம் என்று சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். அணியின் பணமும் தலைவரின் பணமும் முதல் ஏலத்திலேயே தீர்ந்திருந்தது என்று தலைவரின் முகத்தில் எழுதியிருந்தது. ஷிஜோ எட்டாயிரம் என்றான். அருள்ராஜ் ஒன்பது என்றார், சொன்னதும் மனைவி வனிதாவைப் பார்த்தார், பார்த்ததும் இருமினார். ஷிஜோ பன்னிரண்டாயிரம் என்றான். மூணு தரம். பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினான். மறு ஏலத்துக்கு விடுவதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரனுக்கு நம் கவுரவமெல்லாம் தெரியாது.

ஆகக் கூடி, பிராங்ளினை விட்டுக்கொடுப்பதற்குச் சில்வஸ்டர் அண்ணன் கட்டியது, அவனைக் கூட்டிக்கொண்டு போக ஷிஜோ கட்டியதைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. வரலாற்றில் இப்படி ஒரு வியாபாரம் மேட்டுப்பாளையம் மண்டியில்கூட நடந்திருக்காது.

கிறிஸ்துமஸ் கோப்பையில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அரையிறுதியில் பிரதர்ஸும் ஷிஜோவின் அணியும் மோதின. பிராங்ளின் மூன்று கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் நம் ஆட்கள் "துரோகி" என்று கத்தினார்கள், மூன்றாவது கோலுக்கு மட்டும் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து அவன் வெளியே வந்தபோது சில்வஸ்டர் அண்ணன் வழிமறித்தார். நான் தற்செயலாகப் பக்கத்தில் கடலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சந்தோஷமாடா? ஊரை வித்துட்டியே!"

"நான் எங்கீங்கண்ணா வித்தேன்? நீங்கதான் மறு ஏலத்துக்கு விட்டீங்க."

"அந்தப் பணத்தையும் கட்டிட்டு, உன்னையும் விட்டுட்டு நிக்கறேன்டா!"

"பணம் சாமிக்குத்தானுங்களே போச்சு. என் தகுதி என்னன்னு அன்னிக்குக் கேட்டேன், நீங்க சொல்லல. அப்புறம் மைக்ல சொன்னீங்க. ரொம்ப நன்றிங்கண்ணா." இதில் கிண்டல் இருக்கிறதா என்று நான் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். கிண்டல் மாதிரி இல்லை. அதுதான் அண்ணனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஷிஜோவோடு ஒப்பந்தம் பேச உட்கார்ந்தபோது பிராங்ளின் எந்தத் தொகையும் சொல்லவில்லையாம். "எங்க தலைவர் ஒரு கோப்பைக்கு நாப்பத்தஞ்சு சொல்லியிருக்காருங்க, ஊரே சாட்சி" என்று மட்டும் சொன்னானாம். அதை ஆட்டக் கணக்கில் வகுத்து, சீசன் முழுவதற்கும் பேசி, வைத்தியச் செலவையும் சேர்த்துக் கையெழுத்து. எனக்குச் சொன்னது அருள்ராஜின் மனைவி வனிதா, அவளுக்குச் சொன்னது யார் என்று அவள் சொல்லமாட்டாள், நானும் மூன்று முறைக்கு மேல் கேட்கவில்லை.

ஊர் இப்போதும் அவனைப் பேராசைக்காரன் என்றுதான் சொல்கிறது. இரண்டாவது சீசனில் முட்டி மறுபடி போனது. நம் ஆட்கள் 'கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்றார்கள். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் போல, ஆபரேஷனிலிருந்து ஆஸ்பத்திரி அறை வாடகை வரை ஒப்பந்தப்படி ஷிஜோ கட்டினான். பிராங்ளின் எதையும் விற்கவில்லை. இப்போது கோட்டுக்கு வெளியே நின்று அணிக்குக் கோச்சாகக் கத்துகிறான், அதற்கும் சம்பளமாம். சில்வஸ்டர் அண்ணன் இருபது வருஷமாக ஓசியில் செய்யும் வேலை.

ஜூடித் விஷயத்தில் எனக்கு அன்றைக்கே சந்தேகம். 'வழக்கம்போலங்களா' என்று எதற்காகக் கேட்டாள்? பிராங்ளினுக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து ஒரு வருஷம் இரண்டு வீட்டு வாசலையும் கவனித்தேன். கூடலூரிலிருந்து அவன் லீவில் வந்தபோதெல்லாம் நான் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒன்றுமே சிக்கவில்லை. சிக்காததற்குக் காரணம், நான் தப்பான ஆம்பளையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஜூடித் கட்டிக்கொண்டது ஷிஜோவை. எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம், புதுக் கூரைக்குக் கீழே. ஆயர் பிரசங்கத்தில் கூரைக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னபோது, முதல் பெயர் சில்வஸ்டர் அண்ணனுடையது, இரண்டாவது பெயர் மாப்பிள்ளையுடையது. ஜூடித் கூடலூருக்குப் போய்விட்டாள், டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்காருகிறாளாம், விலையைக் குறைத்துக் கேட்க யாருக்கும் தைரியம் வருவதில்லையாம். பிராங்ளின் கட்டியது கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஸ்கூலில் டீச்சராக இருந்த ஷைனாவை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நிலம்பூர் பக்கம் வீடு எடுத்துப் போய்விட்டார்கள்.